கல்லீரல் சுருக்க நோயில் மண்ணீரல் தமனியை அடைக்கும் சிகிச்சை: என் தந்தைக்குச் செய்யலாமா?

கேள்வி: கயல்விழி

என் தந்தைக்கு வயது 61. ஹெப்படைட்டிஸ் சி தொற்றினால் கல்லீரல் சுருங்கிவிட்டது. மாத்திரைகளால் கிருமி முற்றிலும் நீங்கிய பிறகும் மண்ணீரல் வீக்கம் குறையவில்லை. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 38,000-ஐத் தாண்டுவதில்லை. காமாலையோ வயிற்றில் நீர்க்கோப்போ இல்லை. இரத்த வாந்தி எடுத்ததும் இல்லை. ஆடிக்கொண்டிருக்கும் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுக்கச் சென்றபோது, இந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பல் மருத்துவர் கையை விரித்துவிட்டார். மண்ணீரல் தமனியைப் பகுதியளவு அடைத்தால் எண்ணிக்கை ஏறும் என்கிறார் ஒரு மருத்துவர். மண்ணீரலையே எடுத்துவிடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். எதைச் செய்வது?

பதில் 1: அருள்மொழி (இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி, அதாவது படம் பார்த்தபடி இரத்தக்குழாய் வழியே சிகிச்சை செய்யும் மருத்துவர்)

உங்கள் தந்தையை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல இயலாது என்றாலும், பல் எடுப்பதற்காக மட்டும் இச்சிகிச்சையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சுருங்கிய கல்லீரலுக்குள் இரத்தம் எளிதில் நுழைய முடியாததால் குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடி, இரத்தம் மண்ணீரலில் தேங்கி அதை வீங்கச் செய்கிறது. இயல்பான நிலையில் தட்டணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மண்ணீரலில் தங்கும். வீங்கிய மண்ணீரலோ மிகப் பெரும் பகுதியைச் சிறைபிடித்து வைத்துக்கொள்கிறது. தட்டணு உற்பத்தியைத் தூண்டும் திராம்போபாய்ட்டின் என்ற ஹார்மோன் கல்லீரலில்தான் பெரும்பாலும் சுரக்கிறது என்பதால், அதுவும் குறைந்துபோகிறது.

தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக கேத்தட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, கணையத்திற்குச் செல்லும் கிளைகளைத் தாண்டிய பிறகு நுண்துகள்களை விட்டு மண்ணீரலின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமல் செய்கிறோம். 1970-களில் முழு மண்ணீரலையும் அடைத்துப் பார்த்தபோது சீழ்க்கட்டிகளும் மரணங்களும் நேர்ந்தன. பகுதியளவு அடைக்கும் முறை வந்தது அதன் பின்னர்தான். இன்று 50 முதல் 70 விழுக்காடு வரை அடைப்பதே வழக்கம். அதற்கு மேல் போனால் சீழ், நெஞ்சில் நீர், போர்ட்டல் சிரையில் இரத்தக்கட்டி ஆகிய தொல்லைகள் பெருகும்.

முன்பு ஹெப்படைட்டிஸ் சி கிருமிக்கு, தட்டணுக்களைக் குறைக்கும் இன்டர்ஃபெரான் ஊசியைப் போடுவதற்காகவே பலருக்கு இதைச் செய்தோம். இப்போதைய மாத்திரைகளால் அந்தத் தேவை போய்விட்டது. போர்ட்டல் அழுத்தத்தால் வீங்கிய உணவுக்குழாய்ச் சிரைகள் மீண்டும் மீண்டும் வெடிப்பவர்களுக்கும், தட்டணுக் குறைவால் புற்றுநோய் மருந்தைத் தொடர முடியாதவர்களுக்கும் இன்றும் பயன்படுகிறது. உங்கள் தந்தைக்குத் தட்டணு உற்பத்தியைத் தூண்டும் அவாட்ரோம்போபேக் அல்லது லுசுட்ரோம்போபேக் மாத்திரையைச் சில நாள் கொடுத்து, எண்ணிக்கை ஏறியதும் பல்லை எடுக்கலாமா என்று உங்கள் கல்லீரல் மருத்துவரைக் கேளுங்கள். போர்ட்டல் சிரையில் ஏற்கெனவே இரத்தக்கட்டி இருந்தால் அம்மாத்திரைகளுக்கும் தனி எச்சரிக்கை உண்டு.

பதில் 2: செண்பகம்

என் கணவருக்கு எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய்ச் சிரைகளுக்கு வளையம் போட்டு இறுக்கிய பின்னும் இரத்த வாந்தி நிற்காததால் இதைச் செய்தார்கள். கத்தி படாத சிகிச்சை என்பதால் மறுநாளே எழுந்து நடமாடுவார் என்று நாங்கள் நினைத்ததுதான் நடக்கவில்லை. முதல் வாரம் முழுவதும் காய்ச்சல், வாந்தி, இடது விலாவின் கீழே விண்விண்ணென்று வலி. இருமல் வந்தால் தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டுதான் இருமுவார். இறந்த திசுவால் வரும் காய்ச்சல் இது, சீழ்க்காய்ச்சல் வேறு என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தும், ஒவ்வொரு முறை உடல் சுடும்போதும் அடிவயிறு கலங்கியது. தட்டணுக்கள் முதலில் மளமளவென ஏறி, பிறகு பாதி இறங்கி, பழைய அளவைப் போல இரு மடங்கில் நிலைத்தன. இரத்த வாந்தி அதன் பிறகு வரவில்லை.

பதில் 3: அருள்மொழி

செண்பகம் அவர்கள் சொன்ன வலியையும் காய்ச்சலையும் பெரும்பாலோர் அனுபவிக்கிறார்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் மருத்துவர் குறித்த குறைந்த அளவில். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுத்து இரத்தக்கசிவையும் தூண்டும்.

உறவினர்கள் சொல்லும் அறுவை சிகிச்சையில் தட்டணுக்கள் நன்றாகவே ஏறும். ஆனால் அதன் பிறகு போர்ட்டல் சிரையில் இரத்தக்கட்டி உருவாகும் ஆபத்து கணிசமானது. நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளுக்கு எதிரான பாதுகாப்பும் வாழ்நாள் முழுவதும் குறைந்துவிடும். அடைப்புச் சிகிச்சையில் மண்ணீரலின் ஒரு பகுதி உயிரோடு மிஞ்சுவதே அதன் சிறப்பு. என்றாலும் இரண்டில் எதைச் செய்தாலும், அவகாசம் இருந்தால் இரண்டு வாரங்களுக்கு முன்னரே தடுப்பூசிகளைப் போட்டுவிட வேண்டும்.