கறுப்பு காருக்கு டிஏ பாலிஷ் மெஷின்: எந்த பேட், எத்தனை பேட்?

கேள்வி

கறுப்பு செடான், 6 வருஷம் ஆச்சு. வெயில்ல நிறுத்திப் பார்த்தா பானட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்டக் கீறல். கதவுல போர் தண்ணி உப்புப் புள்ளி வேற. கையில இருக்கிறது 15 மி.மீ. த்ரோ (பேட் ஆடுற வட்டத்தோட அகலம்) டிஏ மெஷின், அதாவது பேட் சுத்திக்கிட்டே ஆடவும் செய்யற பாலிஷ் மெஷின். பேடை வெல்க்ரோவால ஒட்டற தட்டு, அதாவது பேக்கிங் பிளேட், 5 இஞ்ச். கடையில வூல் (கம்பளி), மைக்ரோஃபைபர், ஆரஞ்சு, வெள்ளை, கறுப்பு ஃபோம்னு எல்லா பேடும் கிடைக்குது. எதை வாங்கணும்?

பதில் 1

முதல்ல கலரை நம்பாதீங்க. ஒரு கம்பெனியோட ஆரஞ்சு இன்னொரு கம்பெனியில வேற கடினம். கட்டிங் (கீறலை வெட்டி எடுக்கிற கடினமானது), பாலிஷிங் (நடுத்தரம்), ஃபினிஷிங் (கடைசிப் பளபளப்புக்கு மென்மையானது)னு பேக்கெட்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. 5 இஞ்ச் பிளேட்டுக்கு 5½ இஞ்ச் பேட் எடுங்க. பிளேட் விளிம்பு வெளிய நீட்டிட்டு இருந்தா ஒரு தடவை சாய்ஞ்சாலே பெயின்ட்டுல கோடு விழும்.

நடுத்தர ஃபோம்ல ஆரம்பிங்க. பானட்ல 50 செ.மீ. சதுரம் டேப் ஒட்டி, பாலிஷ் 4 சொட்டு, ஸ்பீடு 4 அல்லது 5, குறுக்கும் நெடுக்குமா 4 தடவை. துடைச்சுட்டு தண்ணி கலந்த ஐசோப்ரோபைல் ஆல்கஹால் அடிச்சுத் திரும்பத் துடைங்க. பாலிஷ்ல இருக்கிற எண்ணெய் கீறலை மறைச்சுக் காட்டும், அதுக்காகத்தான் இது. இன்னும் கீறல் தெரிஞ்சா மட்டும் மைக்ரோஃபைபர் கட்டிங் பேடுக்குப் போங்க. கிளியர் கோட், அதாவது கலர் பெயின்ட் மேல இருக்கிற நிறமில்லாத பூச்சு, ஏறக்குறைய ஏ4 தாள்ல பாதி கனம்தான் இருக்கும், வீணா தேய்க்க அதுல இடமில்ல. வூல் இந்தக் காருக்கு வேண்டாம்.

உப்புப் புள்ளிக்கு மெஷினை எடுக்கிறதுக்கு முன்னாடி, நிழல்ல, சூடு ஆறின கதவுல, வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து துணியில நனைச்சு ஒரு நிமிஷம் வெச்சு, நல்லாக் கழுவிப் பாருங்க. அதுக்கும் போகலைன்னா கிளியர் கோட்டை அரிச்சிருக்குன்னு அர்த்தம்.

பதில் 2

மேல சொன்னது சரி. ஆனா நிறைய பேர் சறுக்கறது எண்ணிக்கையில. முழு செடானுக்கு ஒரே பேட் பத்தாது: கட்டிங் 4, ஃபினிஷிங் 2 வேணும். ஃபோம் சூடாகி ஈரமானா தொளதொளன்னு ஆகி வெட்டாது. நடுவுல கை வெச்சுப் பாருங்க, சுட்டா மாத்திடுங்க. விடாம ஓட்டினா வெல்க்ரோ பசை இளகி பேட் கழண்டு பறக்கும்.

ஒவ்வொரு சதுரமும் முடிஞ்சதும் பேடை நைலான் பிரஷ்ஷால தேய்ச்சு எடுங்க. ஃபோம் மேல பளபளன்னு ஒரு தோல் மாதிரி தெரிஞ்சா, காய்ஞ்ச பாலிஷும் பெயின்ட் தூளும் துளையை அடைச்சிருக்குன்னு அர்த்தம். அதோட ஓட்டினா புதுக் கீறல்தான் விழும். கழுவினதும் வெல்க்ரோ மேல பார்க்கிற மாதிரி கவிழ்த்துக் காய வைங்க, தண்ணி பசைப் பக்கம் இறங்காது.

கேள்வி கேட்டவர்

நன்றிங்க. நடுத்தர ஃபோம்ல பாதி கீறல்தான் போச்சு. மைக்ரோஃபைபர் போட்டதும் எல்லாம் போயிடுச்சு, ஆனா லைட் அடிச்சுப் பார்த்தா சாம்பல் மாதிரி மங்கல். கதவோட வளைவுல பேட் சுத்தாம நின்னுடுது.

பதில் 1

மங்கல் மைக்ரோஃபைபர் இழை போட்ட மெல்லிய கீறல், கறுப்புல பளிச்சுனு தெரியும். மென்மையான ஃபினிஷிங் ஃபோம், ஃபைன் பாலிஷ், ஸ்பீடு 3 அல்லது 4, மெஷினோட சொந்த எடை மட்டும். அழுத்தினா திரும்ப மங்கும்.

சுத்தாம நிக்கிறது, பேட் சரிசமமா உக்காராததாலயும் அழுத்தறதாலயும். பேக்கிங் பிளேட் ஓரத்துல மார்க்கரால ஒரு கோடு போடுங்க. ஓட்டும்போது கோடு சுத்தறது கண்ணுக்குத் தெரியணும். நின்னா பேட் வெறுமனே அதிருது, வெட்டலை. வளைவுக்கு, உங்க மெஷினுக்குப் பொருந்தினா, 3 இஞ்ச் பிளேட்டும் அதுக்கேத்த சின்ன பேடும் போடுங்க. கதவோட கூர்மையான மடிப்புல கிளியர் கோட் இன்னும் மெல்லிசு. அங்க டேப் ஒட்டிட்டு, கடைசியா கையாலயே ஃபினிஷிங் பேடை வெச்சு முடிங்க.