ஆபீஸ் மெயில் சர்வர்ல ஆளுக்கு ஆள் ஆர்க்கைவ் ரூல் வைக்கிறது எப்படி?

கம்பம்மெட்டு:
எல்லாருக்கும் வணக்கம்ங்க, கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க. குமுளில ஒரு ஏலக்காய் எக்ஸ்போர்ட் கம்பெனில சிஸ்டம் பாக்குறேன், வீடு கம்பத்துல, தெனமும் மலையேறி எறங்குறேன். 38 மெயில்பாக்ஸ், மெயில அனுப்பி வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டில வச்சுக் காட்ட டவ்காட், ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல்னு வைக்கிற மெயில்டிர் ஃபார்மட். 1 டிபி டிஸ்க்கு 91 சதவீதம் ரொம்பிருச்சு. புற்றடி, போடி ரெண்டு ஏலத்துக்கும் நம்ம ஆளுக போறாங்க, லாட் லிஸ்ட்டு, காய் ஃபோட்டோ எல்லாம் மெயில்லதான் வருது, எக்ஸ்போர்ட் பக்கம் பூச்சிமருந்து லேப் ரிப்போர்ட்டு வேற, ஒரே பிடிஎஃப் 8 பேருக்கு சிசில போகுது.

மொதலாளி ஒரு வருசத்துக்கு மேல பழசு எல்லாத்தையும் எடுத்துருன்னாரு. நானும் எல்லாருக்கும் ஒரே ஸ்கிரிப்ட் போட்டு வேற டிஸ்க்குக்கு மாத்திட்டேன். மறுநாள் காலைல அக்கவுண்ட்ஸ் சேச்சி வந்து, ஜிஎஸ்டி நோட்டீசுக்கு பதில் குடுக்கணும், 2021 பிப்ரவரி இன்வாய்ஸ் மெயிலு நேத்து இருந்துச்சு இன்னைக்கு காணோம்னு நிக்கிறாங்க. பாவம் அவங்க மொகத்த பாக்க முடியல. தேடி எடுக்க அரை நாள் ஆச்சு. இன்னொண்ணு, போன மாசம் வேலைய விட்டுப் போனவர் இன்பாக்ஸ், சென்ட் ரெண்டையும் தொடச்சிட்டுப் போயிட்டாரு, வெளிநாட்டு பையர் ரேட்டுக்கு ஒத்துக்கிட்ட மெயில் அதுலதான் இருந்துச்சு, இப்ப அவன் அப்படி சொல்லவே இல்லங்கிறான்.

அக்கவுண்ட்ஸுக்கு ஒண்ணு, பர்ச்சேஸுக்கு ஒண்ணு, போனவங்களுக்கு ஒண்ணுன்னு ரூல் வைக்கணும். எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

தென்மலை_ரயிலடி:
அவுட்லுக்லயே ஆட்டோ ஆர்க்கைவ் இருக்கே ப்ரோ, ஆளாளுக்கு அவங்க கம்ப்யூட்டர்லயே பிஎஸ்டிங்கிற அவுட்லுக் மெயில் ஃபைலா எடுத்து வச்சா சர்வர் காலியாயிரும், நாங்க அப்படித்தான் ஓட்டுறோம்.

புளியரை_வாசல்:
ரயிலடி தம்பி, அத செய்யச் சொல்லாதப்பா, நான் பட்டவன் சொல்லுதேன். பிஎஸ்டி அந்தந்த கம்ப்யூட்டர்ல கெடக்கும், பேக்கப்புல வராது, ஒரு மழைக்கு ஹார்ட்டிஸ்க் போச்சுன்னா மெயிலும் போச்சு. அத நெட்வொர்க் ஷேர்ல வச்சு ஓட்டுறத மைக்ரோசாஃப்ட்டே சப்போர்ட் பண்ணுறது கெடையாது.

கம்பம்மெட்டு தம்பி, நீ ரெண்டு வேலைய ஒண்ணா போட்டு கொழப்பிக்கிட்ட. டிஸ்க்கு காலி பண்ணுறது ஒரு வேல, கம்பெனி ரெக்கார்ட காப்பாத்துறது வேற வேல. பழச நகட்டுற ஸ்கிரிப்ட் எவ்வளவு நல்லா எழுதினாலும் ஒருத்தன் அதுக்கு முன்னாடியே டெலிட் பண்ணிட்டான்னா நகட்ட என்ன இருக்கு? அதனால மொதல்ல ஜர்னல் காப்பி. போஸ்ட்ஃபிக்ஸ்ல ஆல்வேஸ் பிசிசின்னு ஒரு செட்டிங், வர்றது போறது எல்லாத்துக்கும் ஒரு காப்பி தனியா போகும், சில பேருக்கு மட்டும் வேணும்னா சென்டர் பிசிசி மேப்ஸ், ரெசிபியன்ட் பிசிசி மேப்ஸ். அந்தக் காப்பிய மெயில்பைலர் மாதிரி ஒரு ஓப்பன் சோர்ஸ் ஆர்க்கைவுக்கு தள்ளிரு, அது அட்டாச்மென்ட்ட ஒரே ஒரு தடவதான் சேமிக்கும், உன் 8 சிசி பிடிஎஃப் தொல்லைக்கு அதுவே மருந்து. ஒன்னு பாத்துக்கோ, நடுவுல அமாவிஸ் மாதிரி ஸ்பாம், வைரஸ் பாக்குற ஃபில்டர் இருந்தா மெயில் ரெண்டு தடவ உள்ள நொழையும், காப்பியும் ரெண்டா விழும், ஒரு பக்கம் போஸ்ட்ஃபிக்ஸ்ல நோ அட்ரஸ் மேப்பிங்ஸ்ங்கிற ஆப்ஷன் போட்டு நிப்பாட்டணும். ஆபீஸ்ல எல்லாருக்கும் இப்படி காப்பி போகுதுன்னு எழுதிக் குடுத்து கையெழுத்து வாங்கிரு, ஒளிச்சு செய்யாத.

அது ஓட ஆரம்பிச்சப்புறம் யூசர் பக்கம் வா. டவ்காட்ல ஆர்க்கைவுக்குன்னு தனி நேம்ஸ்பேஸ், அதாவது தனி ஃபோல்டர் தொகுப்பு வச்சு அதோட லொகேஷன ரெண்டாவது டிஸ்க்குக்கு காட்டு, அப்ப பழைய மெயிலு அவங்க அவுட்லுக்லயே ஆர்க்கைவ், அதுக்குள்ள 2021, 2022னு ஃபோல்டரா நிக்கும், சேச்சி உன்னத் தேடி வரவே வேணாம். ஃபோல்டர சப்ஸ்கிரைப் பண்ணி விட மறந்துராத, இல்லன்னா பல பேருக்கு கண்ணுல படாது. மெயில நகட்டுறதுக்கு டவ்காட்டோட டவ்அட்ம் டூல்ல மூவ் கமாண்ட் இருக்கு, அது யூசர் பேர் கேக்கும், அதனால டிபார்ட்மென்டுக்கு ஒரு லிஸ்ட் ஃபைல், லிஸ்டுக்கு ஒரு நாள் கணக்கு, ராத்திரி கிரான்ல, அதாவது நேரம் வச்சு தானா ஓடுற வேலையா ஓடட்டும். ட்ராஷுக்கு கிரான் வேணாம், பழச தானா அழிக்கிற ஆட்டோ எக்ஸ்பஞ்ச் டவ்காட் 2.2.20 வெர்ஷன்ல இருந்தே இருக்கு, 30 நாள் வையி.

கொழிஞ்சாம்பாறை_அக்கா:
நான் சிஸ்டம் ஆள் இல்லைங்க, ஒரு கம்பெனில கணக்குப் பாக்கறேன். எத்தன வருசம்ங்கறத உங்க மொதலாளியோ நீங்களோ முடிவு பண்ண முடியாதுங்க தம்பி. சிஜிஎஸ்டி சட்டம் 36வது பிரிவு, அந்த வருச ஆனுவல் ரிட்டர்ன் கடைசித் தேதில இருந்து 72 மாசம். 2020-21க்கு அந்தத் தேதி 28.02.2022, அப்ப சேச்சி கேட்ட பிப்ரவரி இன்வாய்ஸ் 2028 பிப்ரவரி வரைக்கும் இருந்தே ஆகணும், அப்பீல் நடந்தா அது முடிஞ்சு ஒரு வருசமாவது. பிரைவேட் லிமிடெட்னா கம்பெனிச் சட்டம் 128வது பிரிவுல 8 நிதியாண்டு கணக்குப் புத்தகமும் வவுச்சரும் வைக்கணும். வவுச்சர் மெயில்ல மட்டும் வருதுன்னா மெயிலுக்கும் அதே கணக்குதாங்க. எதுலயாவது கேஸ், தகராறு இருந்தா அந்த ஆளோட பாக்ஸ அழிக்கிற லிஸ்ட்டுலயே சேக்காதீங்க, உங்க பையர் விசயம் இப்ப அப்படித்தான். கோர்ட்டுக்குப் போனா 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய சாட்சிய அதினியம் 63வது பிரிவுல சர்ட்டிபிகேட் குடுக்கணும், ஃபைல் மாறலைன்னு காட்டற ஹேஷ் வேல்யூங்கற கைரேகை மாதிரி நம்பர் கேக்கறாங்க, ஒரிஜினல் ஃபைல் அப்படியே இருக்கறது முக்கியம். ஃபார்வர்ட் பண்ணி வச்சது, பிரிண்ட் எடுத்து வச்சது எல்லாம் அதுக்கு ஈடாகாதுங்க.

கம்பம்மெட்டு:
அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. ஜர்னல் இன்னைக்கே டெஸ்ட் மெஷின்ல போட்டுப் பாத்துட்டேன், ஓடுது. ஆனா மூவ் கமாண்ட்ல சேவ்ட்பிஃபோர்ங்கிற கண்டிஷன 365 நாள்னு போட்டா ஒரு மெயிலும் மாட்டல. எல்லாமே போன மாசம் வந்ததுன்னு நெனைக்குது போல.

புளியரை_வாசல்:
டெஸ்ட் மெஷினுக்கு மெயில காப்பி பண்ணிருப்ப. மெயில்டிர்ல சேவ்ட் தேதிக்கு ஃபைலோட சிடைம், அதாவது சிஸ்டம் ஃபைல் விவரத்த கடைசியா மாத்துன நேரம்தான் கணக்கு, காப்பி அடிச்ச அன்னைக்கு அது புதுசாயிரும். வெறும் பிஃபோர் போடு, அது மெயில் வந்த தேதிய பாக்கும், நீ காப்பி அடிச்சது ஆர்சிங்க் டூல்ல, ஃபைலோட பழைய டைம்ஸ்டாம்ப் காப்பாத்திருந்தா சரியா வரும். எதப் போட்டாலும் மூவுக்கு முன்னாடி அதே கண்டிஷன டவ்அட்ம் சர்ச்ல ஓட்டி எத்தன மெயிலுன்னு எண்ணிப் பாரு. அப்புறம் யாராவது பாப் அக்கவுண்டா, அதாவது மெயில தன் கம்ப்யூட்டருக்கே எறக்கிக்கிற மாதிரி வச்சிருக்காங்களான்னு ஒரு நட நடந்து பாத்துரு தம்பி, 14 நாள்ல சர்வர்ல இருந்து எடுத்துருன்னு டிக் இருந்தா அவங்க பழைய மெயில் எதுவும் உன்கிட்ட இல்ல, அவங்க லேப்டாப்லதான் இருக்கு.

கம்பம்மெட்டு:
பாத்தேன் அண்ணே, 3 பேர் பாப்ல இருக்காங்க, அதுல ஒருத்தர் போடில ஏலம் எடுக்கறவரு. நாளைக்கு போடிக்குப் போயி அவர் லேப்டாப்ல உள்ளத மொதல்ல சர்வருக்கு ஏத்திட்டு, அப்புறம்தான் மத்தது.