பொருள்: மிட்டாய் நிறக் கணக்கும் ‘நல்’ கருதுகோளும்

மடல் 1 (மொழிபெயர்ப்பவர்)
குழும அன்பர்களுக்கு வணக்கம். மேல்நிலை வகுப்புக்கான புள்ளியியல் பயிற்சி நூலொன்றைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கை-வர்க்கச் சோதனைப் பாடம் (கண்ட எண்ணிக்கைகள் எதிர்பார்த்தவற்றுடன் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் சோதனை) எம் அண்ட் எம் என்னும் அமெரிக்க மிட்டாயின் நிறங்களைக் கொண்டு எழுதப்பட்டுள்ளது. 1995இல் நீலம் சேர்ந்த பிறகு அறிவிக்கப்பட்ட விகிதம் பழுப்பு 30, மஞ்சள் 20, சிவப்பு 20, ஆரஞ்சு, பச்சை, நீலம் தலா 10 விழுக்காடு. பயிற்சியில் 100 மிட்டாய்களை எண்ணினால் முறையே 22, 18, 20, 14, 12, 14 வருகின்றன. அறிவித்த விகிதமே உண்மை, கண்ட வேறுபாடு தற்செயல் என்று முதலில் வைத்துக்கொள்கிறோமே, அந்த ‘நல் ஹைபாதெசிஸ்’ (ஆங்கில ‘நல்’ என்றால் வெறுமை, இல்லாமை) தமிழில் என்ன? சொல்லை அப்படியே விட்டுப் பார்த்தேன். ‘நல்ல கருதுகோள்’ என்று ஒரு மாணவி விளக்கம் எழுதிவிட்டாள்.

மடல் 2 (யாழ்ப்பாணத்து அன்பர்)
நாங்கள் ‘சூனியக் கருதுகோள்’ என்றே எழுதி வருகிறோம். எவருக்கும் மயக்கம் நேர்ந்ததில்லை.

மடல் 3 (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)
சூனியம் வடசொல் என்பது ஒருபுறமிருக்க, இங்குள்ள பிள்ளைகளுக்கு அது செய்வினையைத்தான் நினைவூட்டும். ‘சுழி’ இருக்கக் கவலை ஏன்? சுழல், சுழற்சி, சுழியம், பிள்ளையார் சுழி எல்லாம் ஒரே வேரின. அவ்வேர் வளைவைக் குறிப்பது, வட்டமாக எழுதப்படும் எண்ணுக்கு அது பொருந்துவது குறித்துத் தனி மடலே எழுதலாம்.

மடல் 4 (கல்லூரிப் பேராசிரியை)
ஐயா, தனி மடலைத் திங்களுக்குப் பிறகு எழுதுங்கள். இக்கருதுகோளில் சுழி எங்கே இருக்கிறது? அது 30 என்கிறது, 20 என்கிறது, 10 என்கிறது. 1900இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் இச்சோதனையை வெளியிட்டபோது இப்பெயர் வழக்கில் இல்லை. 1935இல் புள்ளியியலாளர் ஃபிஷர் இட்ட பெயர் இது. இக்கருதுகோள் ஒருபோதும் நிறுவப்படுவதில்லை, பொய்யாக்கப்படக்கூடும், அவ்வளவே என்று அவரே எழுதினார். வேறுபாடு இல்லை என்னும் பொருளில் ‘இன்மைக் கருதுகோள்’ வகுப்பில் எடுபடுகிறது.

மடல் 5 (தமிழாசிரியர்)
‘இன்மை’ என்றால் வள்ளுவருக்கு வறுமை. “இன்மையின் இன்னாதது யாதெனின்” என்று தொடங்கும் குறளைப் படித்தவன் மிட்டாய்க்கு வழியற்றவனின் கருதுகோள் என்று கொள்ளமாட்டானா? பேராசிரியை சொன்ன ஃபிஷர் கருத்தை நன்னூலார் எழுவகை மதத்துள் (நூலாசிரியர் கைக்கொள்ளும் ஏழு கொள்கைகளுள்) என்றோ வைத்துவிட்டார்: “பிறர்தம் மதமேற்கொண்டு களைவு”. எதிரியின் கொள்கையை ஏற்றதுபோல் ஏற்றுப் பின்னர் களைவதே இச்சோதனை. எனவே ‘களைகோள்’ என்போம். அதற்கு எதிராக வைக்கப்படும் மாற்றுக் கருதுகோளுக்கு ‘மாறுகோள்’ என்னும் சொல்லும் அதே நூற்பாவில் கிடைக்கிறது.

மடல் 6 (பேராசிரியை)
அழகான சொல், மறுப்பதற்கே மனம் வரவில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு நிறத்திலும் கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கித்து, எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டினால் 5.93 வருகிறது. ஆறு நிறங்களாதலால் வரையின்மைப் படிகள் (மொத்தம் தெரிந்தபின் தம் போக்கில் மாறக்கூடிய எண்ணிக்கைகள்) ஐந்து. 5 விழுக்காட்டு நிலையில், அதாவது கருதுகோள் உண்மையானால் நூற்றில் ஐந்து முறை மட்டுமே தாண்டப்படும் எல்லை, 11.07. அதைத் தாண்டவில்லை. ஆக, களைய முடியாத களைகோள் ஒன்றை முதல் பாடத்திலேயே பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, பெயர் ஏன் அப்படி என்று அவர்கள் கேட்டால் நன்னூலை எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். கோள் என்றவுடன் செவ்வாயையும் புறங்கூறுதலையும் நினைப்பவர்கள் வேறு.

மடல் 7 (யாழ்ப்பாணத்து அன்பர்)
இன்மைக்கு என் வாக்கு, அரை மனத்துடன். ஆயினும் எங்கள் வழக்கையும் அடைப்புக்குள் தாருங்கள்.

மடல் 8 (மொழிபெயர்ப்பவர்)
பொழுது விடிந்தால் திங்கள். பாடத்தில் ‘இன்மைக் கருதுகோள்’, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் ‘சூனியக் கருதுகோள்’, அடிக்குறிப்பில் ‘களைகோள்’. விடைப்பகுதியில் “கருதுகோள் ஏற்கப்பட்டது” என்றிருந்ததையும் “மறுக்கப் போதிய சான்று இல்லை” என்று திருத்திவிட்டேன்.

மடல் 9 (தமிழாசிரியர்)
அடிக்குறிப்பை யார் படிப்பார்கள்? என் மறுப்பைப் பதிவுசெய்க. ‘கை-வர்க்கம்’ என்பதிலுள்ள ‘கை’ கிரேக்க எழுத்தென்று பிள்ளைகளுக்கு எவரேனும் சொல்லியிருக்கிறீர்களா? அதற்கான மடலை நாளை அனுப்புகிறேன்.