நொதிப்பு பாதியில் நின்றுவிட்டது, இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் கொட்டலாமா?

ஈரமால்ட்:
வீட்டில் 20 லிட்டர் ஏல் (ஒரு வகை பீர்) போட்டிருக்கிறேன், முழு மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்), தொடக்க அடர்த்தி 1.062 (தண்ணீர் 1.000, சர்க்கரை நொதிக்க நொதிக்க இது இறங்கும்). சீக்கிரம் அடியில் படிகிற ஆங்கில ஏல் ஈஸ்ட் 11 கிராம் பாக்கெட் ஒன்றை ஊறவைக்காமல் அப்படியே மேலே தூவினேன். முதல் மூன்று நாள் நுரை மூடியைத் தொட்டது, நான்காம் நாள் ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு) குமிழி அடங்கிவிட்டது. இன்று பத்தாம் நாள், ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி விலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) 9.4 பிரிக்ஸ், அதாவது 1.037 பக்கம். 1.015 வரை வரும் என்று நம்பியிருந்தேன். மாஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரை எடுப்பது) 67 டிகிரியில் ஒரு மணி நேரம். கையில் இன்னொரு பாக்கெட் இருக்கிறது, அதைக் கொட்டிவிடலாமா, இல்லை இப்படியே பாட்டிலில் அடைக்கலாமா? கீழே ஊற்ற மனசு வரவில்லை.

பழையகேன்:
பாட்டிலில் மட்டும் அடைக்காதீர்கள். அடர்த்தி ஒரு புள்ளி (0.001) இறங்கினால் ஏறக்குறைய அரை வால்யூம் (பீரின் கொள்ளளவில் பாதி) கரியமில வாயு சேரும், ஏலுக்கு நமக்குத் தேவையே 2 முதல் 2.5 வால்யூம்தான். உள்ளே போய் ஏழெட்டுப் புள்ளி இறங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், அதற்கு மேல் நீங்கள் போடும் சர்க்கரையும் இருக்கிறது. எனக்கு ஒருமுறை ராத்திரியில் மூன்று பாட்டில் வெடித்தது, பக்கத்தில் யாரும் இல்லாததால் தப்பித்தோம்.

அப்புறம், அந்த 1.037 உண்மை இல்லை. ஆல்கஹால் கலந்த பிறகு ரிஃப்ராக்டோமீட்டர் கூடுதலாகத்தான் காட்டும், திருத்தக் கணக்கு போடாமல் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹைட்ரோமீட்டரில் (மிதக்கவிட்டு அடர்த்தி அளக்கும் கருவி) பாருங்கள். மாதிரியை நன்றாகக் குலுக்கி வாயுவைப் போக்கிவிட்டு, ஹைட்ரோமீட்டரில் எழுதியிருக்கும் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும்.

ஈரமால்ட்:
அளந்தேன், 1.022. நேற்றும் அதேதான். பாதி நிம்மதி, ஆனாலும் நின்றுதான் போயிருக்கிறது.

ஹாப்ஸ்மணம்:
எதையும் கொட்டும் முன், கோளாறு ஈஸ்ட்டிலா வோர்ட்டிலா (ஈஸ்ட் நொதிக்கவைக்கும் மால்ட் சாறு) என்று தெரிந்துகொள்ளுங்கள். நின்றுபோன பீரில் பெரும்பாலும் நடக்கும் தவறே இதைப் பார்க்காமல் மருந்து போடுவதுதான். கொதிநீரில் கழுவிய ஒரு பாட்டிலில் 200 மில்லி பீர் எடுங்கள், அந்தப் பாக்கெட்டில் கொஞ்சம் ஈஸ்ட்டைத் தாராளமாகவே போட்டு, 25 டிகிரிப் பக்கம் வைத்து அடிக்கடி குலுக்குங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து அளந்தால் இந்த வோர்ட் எவ்வளவு தூரம் இறங்கக்கூடியது என்று தெரிந்துவிடும். அதிலும் 1.021, 1.022 என்றே நின்றால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் உங்கள் தெர்மாமீட்டரைத்தான் சந்தேகப்படுவேன். 67 என்று காட்டும்போது உள்ளே 71 இருந்திருந்தால் பீட்டா அமைலேஸ் (மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி) சீக்கிரமே செயலிழந்து, ஈஸ்ட் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின்தான் அதிகம் மிஞ்சும், எத்தனை பாக்கெட் போட்டாலும் அது கரையாது. சோதித்த மாதிரியைத் திரும்ப ஊற்றிவிடாதீர்கள்.

ஈரமால்ட்:
மூன்று நாள் ஆகிவிட்டது, மாதிரி 1.015-க்கு வந்திருக்கிறது! இன்னொன்று, ராத்திரி அறை 15 டிகிரி வரை போகிறது என்று இப்போதுதான் கவனித்தேன்.

ஹாப்ஸ்மணம்:
அப்போது வோர்ட் நல்ல வோர்ட். குளிர்ந்ததும் ஈஸ்ட் தூங்கி அடியில் படிந்துவிட்டது, அந்த வகை ஈஸ்ட் இதைச் செய்யும். முதலில் 20, 21 டிகிரிக்கு மெதுவாக ஏற்றி அங்கேயே நிறுத்துங்கள். மூடியைத் திறக்காமல் பாத்திரத்தைச் சுழற்றி அடிப்படிவை எழுப்புங்கள், தளும்பக் கூடாது, இந்தக் கட்டத்தில் காற்று புகுந்தால் பீர் ஈர அட்டை வாசம் அடிக்கும். மூன்று நாள் பொறுங்கள், பல நேரம் இதுவே போதும்.

அசையவே இல்லை என்றால்தான் புது ஈஸ்ட். ஆனால் பாக்கெட்டைப் பிரித்து அப்படியே தூவாதீர்கள். ஆல்கஹால் ஏறி, ஆக்சிஜன் இல்லாமல், சுலபமான சர்க்கரையும் தீர்ந்துபோன இடத்தில் காய்ந்த ஈஸ்ட் விழுந்தால் பெரும்பகுதி வேலை செய்யாமலே படிந்துவிடும். 1.035 அளவில் ஒரு லிட்டர் வோர்ட் காய்ச்சி ஆறவைத்து, அதில் ஈஸ்ட்டைப் போட்டு, நுரை பொங்கி உச்சத்தில் இருக்கும்போது, அதாவது அது பசியோடு வேலை செய்துகொண்டிருக்கும்போதே, பீரின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். அவ்வளவு சீக்கிரம் படியாத அமெரிக்க ஏல் ஈஸ்ட் கிடைத்தால் இன்னும் நல்லது.

பழையகேன்:
ஏர்லாக் குமிழியை வைத்து முடிவு செய்யாதீர்கள், சூடு ஏறினாலே கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழி வரும். 1.015 பக்கம் வந்து, மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை ஹைட்ரோமீட்டர் ஒரே எண் காட்டினால் பாட்டிலில் அடைக்கலாம்.