உறைநிலையில் எப்பாக்ஸி இறுகவில்லை: ஹார்டனரைக் கூட்டலாமா?

கேள்வி:
லே நகரில், ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், பழைய கான்கிரீட்டில் துளையிட்டு 16 மி.மீ. கம்பிகளை ரெசின், ஹார்டனர் என இரண்டு டப்பாவாக வரும் எப்பாக்ஸிப் பசை வைத்து நட்டு வருகிறோம். பகலில் 6 டிகிரி இருக்கிறது. இரவில் மைனஸ் 8 வரை இறங்குகிறது. மூன்று நாளாகியும், துளை வாயில் பிதுங்கிய பசை நகத்தால் அழுத்தினால் குழிகிறது. ஹார்டனரை இரு மடங்காக்கச் சொல்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

பதில் 1:
கூடவே கூடாது. கார்களுக்குப் பூசும் பாலியஸ்டர் பட்டியில் ஹார்டனர் வினையைத் தூண்டிவிடுவது மட்டுமே என்பதால், சற்றுக் கூட்டினால் சீக்கிரம் இறுகும்; மேஸ்திரியின் அனுபவம் அங்கிருந்து வந்திருக்கலாம். எப்பாக்ஸியிலோ ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் ரெசினோடு கணக்காகச் சேர்ந்து, தானே பிணைப்பின் பகுதியாகிறது. மிகுந்தது இணை கிடைக்காமல் உள்ளேயே தங்கிப் பசையை மென்மையாக்கிவிடும். உங்கள் சிக்கல் குளிர்தான்: 10 டிகிரி குறைந்தால் வினையின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும்; சாதாரண வகைகள் 5 டிகிரிக்குக் கீழே அநேகமாக நின்றேவிடும்.

பதில் 2:
நீங்கள் சொல்லும் 6 டிகிரி காற்றுக்கு உரியது. இரவெல்லாம் குளிர்ந்த கான்கிரீட் நண்பகலிலும் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கக்கூடும். அப்போது துளைச் சுவரில் படிந்த மெல்லிய பனியோடுதான் பசை ஒட்டும், கான்கிரீட்டோடு அல்ல. எனவே துளையைச் சுற்றி மின்போர்வை விரித்துக் கான்கிரீட்டையே 15 டிகிரிக்கு மேல் சூடாக்கி, உலர்த்தி, தூசு நீக்கிய பின்பே பசையிடுங்கள். இறுகும்வரை சூட்டை விடாதீர்கள். கூடாரத்துக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு எரிப்பது வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடும் ஈரமும் அமீனோடு சேர்ந்து, பசையின் மேல் மெழுகுபோலப் படியும். உள்ளே வேலை செய்பவர்களுக்கு மூச்சுத்திணறல் ஆபத்தும் உண்டு.

பதில் 3:
சூடாக்க வசதியில்லை என்றால், மைனஸ் 10 வரை இறுகும் வினைல் எஸ்டர் வகைப் பசைகள் கிடைக்கின்றன. தயாரிப்பாளரின் அட்டவணையில் கான்கிரீட்டின் வெப்பநிலைக்கு நேரே உள்ள நேரத்தைப் பாருங்கள். குளிர் தாங்கும் எப்பாக்ஸிப் பூச்சுகளுக்கான பீனால்கமைன் ஹார்டனர் முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயிலிருந்துதான் வருகிறது. பண்ருட்டிக்காரனான எனக்கு அதில் சிறு பெருமிதம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சரியான விகிதத்தில் நட்டவற்றை என்ன செய்வது? நேற்று மேஸ்திரி ஹார்டனரை இரு மடங்கு கலந்து வேறு நான்கு கம்பிகளை நட்டுவிட்டார்.

பதில் 2:
சரியான விகிதத்தில் நட்டவற்றை ஓரிரு நாள் சூட்டில் வைத்தால் நின்ற வினை பெரும்பாலும் தொடரும். ஆனால் இழுவைச் சோதனை செய்யாமல் ஏற்காதீர்கள். இரு மடங்கு கலந்து நட்ட நான்கையும் துளைத்தெடுத்துவிட்டுப் புதிதாக நடுங்கள்.