முதியோர் பணிக்கு மாணவர்களை எப்படி ஈர்ப்பது? யோசனை சொல்லுங்கள்

வணக்கம். சமூகப்பணி முதுகலை மாணவர்களுக்குக் களப்பணி இடம் ஒதுக்குவது என் பொறுப்பு. குழந்தைகள் நலம், பள்ளி, மருத்துவமனை எல்லாம் முதல் நாளே நிரம்பிவிடும். முதியோர் பணி மட்டும் காலியாகக் கிடக்கும். "அங்கே போய் என்ன மாற்ற முடியும் மேடம்?" என்கிறார்கள்.

2030-இல் உலகில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதோ அதற்கு மேலோ இருப்பார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வகுப்பில் சொன்னேன். தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

போன பருவத்தில் வேண்டாவெறுப்பாகப் போன ஒரு மாணவி, யாரோடும் பேசாத ஒரு பாட்டியின் பக்கத்தில் தினமும் உட்கார்ந்திருந்தாள். மறதிநோய் என்று எல்லாரும் முடிவுகட்டியிருந்தார்கள். மூன்றாவது வாரம், வலது பக்கம் உட்கார்ந்து பேசியபோது பாட்டி பதில் சொன்னார். இடது காது கேட்கவில்லை, அதுதான் விஷயம்! காதுக்கருவி வந்ததும் பாட்டி முதலில் கேட்டது அவள் பெயரை. இப்போது அவள் இந்தத் துறையில்தான் வேலை தேடுகிறாள்.

இந்தத் துறையில் இருப்பவர்களே, உங்களை இங்கே இழுத்தது எது? மறதிநோய் பராமரிப்பு, வலிதணிப்புச் சிகிச்சை, சொத்துக்காக நடக்கும் கொடுமைகள், பராமரிக்கும் குடும்பத்தாரின் களைப்பு என்று எதில் அனுபவம் இருந்தாலும் சரி, என் மாணவர்களோடு அரைமணி நேரம் காணொளியில் பேச முடியுமா? சம்பளம், மனச்சோர்வு பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள், நானே தொடர்புகொள்கிறேன்.