மறு: மெக்கானிக்கல் கீபோர்டு – ‘இயந்திர விசைப்பலகை’ போதுமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

‘மெக்கானிக்கல் கீபோர்டு’க்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் நிதானமாகப் படித்தேன். ‘இயந்திர விசைப்பலகை’ என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள், அதையே வைத்துக்கொள்வோம் என்பதுதான் பலருடைய கருத்து. எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் முன்வைக்கும் சொல் ‘வில்விசைப்பலகை’. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல் எனக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. பகலில் தம்பு செட்டித் தெருவில் ஜாப் டைப்பிங். வக்கீல்கள் கொண்டுவரும் மனு, பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் என்று தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றி அடிக்கிற வேலை. சாயங்காலம் தண்டையார்பேட்டையில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ்99 தளவமைப்பில் தட்டச்சு சொல்லிக்கொடுக்கிறேன். குரூப் 4 எழுதி டைப்பிஸ்ட் ஆகவேண்டும் என்று வருகிற அதே பிள்ளைகள்தான் ராத்திரி வீட்டில் கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி ஆட்டம் ஆடுகிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கீபோர்டு வாங்க ஆசை. ரிச்சி தெருவில் போய் நின்றால் “ரெட்டா, ப்ளூவா, பிரவுனா? ஹாட் ஸ்வாப் வேணுமா?” என்று கடைக்காரர் அடுக்குகிறார். என்ன கேட்கிறார் என்றே புரியாமல் திரும்பி வந்து என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காக நாலு பக்கத்தில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன்னால் எதைப் பார்க்கவேண்டும் என்று தமிழில் தெளிவாகச் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ‘இயந்திர’ என்ற அடைமொழி. காசிமேட்டில் விசைப்படகு என்றால் எஞ்சின் வைத்த படகு. விசைத்தறி என்றால் மின்சாரத்தில் ஓடும் தறி. இயந்திரத்தால் ஓடுவது என்ற பொருளைத் தமிழில் ‘விசை’யே சுமந்துகொண்டிருக்கிறது. அதன் தலையில் இன்னொரு ‘இயந்திர’த்தை ஏற்றினால் என்ன புதிதாகத் தெரிந்துவிடும்? வகுப்பில் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தபோது ஒரு பெண், “தானாவே டைப் அடிக்குமா சார்?” என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. சொல் அப்படித்தான் ஒலிக்கிறது.

பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். சாதாரணக் கீபோர்டைத் திறந்தால் குமிழ் குமிழாக ரப்பர் விரிப்பு ஒன்று இருக்கும். அதற்குக் கீழே மின்தடம் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். நாம் அழுத்தும்போது ரப்பர் குமிழ் மடங்கி, தாள்கள் ஒன்றையொன்று தொட்டு, எழுத்து விழுகிறது. விரலை எடுத்தால் விசையை மேலே தள்ளுவது அந்த ரப்பர்தான். நாளாக ஆக ரப்பர் தளரும் அல்லது இறுகும். நாள் முழுக்க அடிக்கிறவர்களுக்கு இது விரல் நுனியிலேயே தெரியும். எழுத்து விழவேண்டும் என்றால் அடி வரைக்கும் அமுக்கியே ஆகவேண்டும்.

நாம் பேசும் பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியாக ஒரு சின்னப் பெட்டி உண்டு. மூடியைப் பிடுங்கிப் பாருங்கள்: கூட்டல் குறி வடிவத்தில் ஒரு தண்டு மேலே எட்டிப் பார்க்கும். பெட்டிக்குள் அந்தத் தண்டைச் சுற்றி ஒரு சுருள்வில், பக்கத்தில் மெல்லிய உலோகத் தகடு. தண்டு இறங்கும்போது தகடு நகர்ந்து மின்தொடர்பு ஏற்படுகிறது. ஜெர்மனியின் செரி நிறுவனத்து எம்எக்ஸ் சிவப்பு என்ற வகையில் தண்டு மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். அதற்கு 45 சென்டிநியூட்டன் போதும், கிட்டத்தட்ட 45 கிராம் எடை. பாதி வழியிலேயே வேலை முடிந்துவிடுவதால் பழகிய விரல் அடியைத் தொடாமலே அடுத்த எழுத்துக்குப் போய்விடுகிறது. தட்டச்சுக்காரருக்கும் ஆட்டக்காரருக்கும் இது பிடித்துப்போவதற்கு முதல் காரணம் இதுதான்.

செரி இந்த வடிவத்தை 1980களில் கொண்டுவந்தது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கைல், கேட்டரான் போன்ற சீன நிறுவனங்களும் அதே அளவில் செய்ய ஆரம்பித்தன. அதனால்தான் ஒருவர் செய்த பெட்டி இன்னொருவர் பலகையில் பொருந்துகிறது. ஒருவர் செய்த மூடி இன்னொருவர் தண்டில் உட்காருகிறது. நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்கிற வசதியே அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது காந்தம் வைத்த பலகைகளும் வந்துவிட்டன. நெதர்லாந்தின் வூட்டிங் இதில் பேர் பெற்றது. தண்டின் அடியில் ஒரு காந்தம். அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் கீழே ஓர் உணரி அளக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. எந்த ஆழத்தில் எழுத்து விழவேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். விரல் மேலே வர ஆரம்பித்த கணமே விசை விடுபட்டதாக எடுத்துக்கொள்ளும்படியும் வைக்கலாம். துப்பாக்கி ஆட்டம் ஆடுகிற பையன்கள் இதற்காகவே அலைகிறார்கள். இன்னொரு பக்கம், ஐபிஎம் 1985இல் கொண்டுவந்த மாடல் எம். அதில் கீழே இருப்பது பிளாஸ்டிக் தாள்தான், ஆனால் மேலே ஒவ்வொரு விசைக்கும் ஒரு சுருள்வில் நெளிந்து மடங்கும். தகடு வைத்தது, காந்தம் வைத்தது, மாடல் எம் மூன்றிலும் விரலுக்குத் தட்டுப்படுவது எது? வில். அதனால்தான் வில்விசை.

‘வில்’ என்றால் ஸ்பிரிங் என்று யாருக்குப் புரியும் என்று கோவை ஐயா கேட்டிருந்தார். ஐயா, பள்ளிப் புத்தகத்தில் ‘சுருள்வில்’ படிக்காமல் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டுவதில்லை. அதற்கும் முன்னால், வளைந்த இரும்புப் பட்டையை ஸ்பிரிங்காக வைத்த மாட்டு வண்டியை நம் ஊரில் வில்வண்டி என்றுதானே சொன்னார்கள்? வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது.

இந்தச் சொல்லில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ‘ஸ்விட்ச்’சுக்கு நிலைமாற்றி, சொடுக்கி, ஆளி என்று தனியாக ஒரு சண்டை போய்க்கொண்டிருக்கிறதே, அது தேவைப்படாது. அந்தச் சின்னப் பெட்டியே வில்விசை. அவை பதித்த பலகை வில்விசைப்பலகை. மேலே மாட்டுவது விசைமூடி.

அப்புறம் வகைகள். கடையில் நிறத்தைச் சொல்லியே விற்கிறார்கள். நிறத்தைக் கலைச்சொல்லாக வைத்துக்கொள்ள முடியாது. செரியின் சிவப்பு தடையில்லாமல் இறங்கும். கேட்டரானில் மஞ்சளும் அப்படித்தான் இறங்கும். செரியில் சத்தம் போடுவது நீலம். கைல் பாக்ஸ் வரிசையில் வெள்ளை சத்தம் போடும். விரலுக்கும் காதுக்கும் தெரிவதை வைத்தே பெயர் சொல்வோம்: தடங்கல் இல்லாமல் இறங்குவது வழுக்குவிசை, நடுவில் ஒரு மேடு தட்டுப்படுவது இடறுவிசை, மேட்டோடு ‘டிக்’ என்று ஒலியும் எழுப்புவது சொடுக்குவிசை. மூன்றும் வினைத்தொகை, வாயில் சுலபமாக நிற்கிறது. வகுப்பில் மூன்று பெட்டிகளையும் மேசையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கச் சொன்னேன். பெயரைச் சொன்னதும் எது எது என்று பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துக் காட்டிவிட்டார்கள்.

எதை வாங்கலாம் என்று கேட்டால் என் கருத்து இது: ஆட்டமும் தட்டச்சும் சேர்ந்து வேண்டும் என்றால் இடறுவிசை. ஆட்டமே முக்கியம் என்றால் வழுக்குவிசை. சொடுக்குவிசை அடிக்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒற்றை அறை வீட்டில் பக்கத்தில் தம்பி தங்கை தூங்கும்போது ராத்திரி பத்து மணிக்கு மேல் அதை வைத்துக்கொண்டு அடிக்க முடியாது.

முதல் பலகையிலேயே சரியான வில்விசை அமைந்துவிடும் என்று சொல்ல முடியாது. அதனால் கழற்றி மாட்டக்கூடியதாக வாங்குங்கள் என்று கையேட்டில் அழுத்திச் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் கேட்கும் ‘ஹாட் ஸ்வாப்’ இதுதான். அதை ஒருவர் ‘சூடுமாற்று’ என்று எழுதியிருந்தார். தயவுசெய்து அது வேண்டாம். ஈயம் வைத்து ஒட்டியது ஒரு வகை, குழியில் செருகுவது ஒரு வகை. செருகுகுழி, செருகுவிசை என்றால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும்: வில்விசையின் அடியில் சிலவற்றில் மூன்று கால், சிலவற்றில் ஐந்து. ஐந்து கால் குழியில் மூன்று கால் விசை உட்காரும். மூன்று கால் குழியில் ஐந்து கால் விசையை மாட்ட, இரண்டு பிளாஸ்டிக் கால்களை வெட்டவேண்டி வரும். மாற்றும்போது கேபிளைப் பிடுங்கிவிட்டு மாற்றுவதே நல்லது.

அளவு விஷயத்தில் தமிழ் அடிக்கிறவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஆங்கில வழிகாட்டிகள் எதிலும் இது வராது, அதனால் நாம்தான் எழுதவேண்டும். தமிழ்99, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட தளவமைப்பு. உயிர் எழுத்துகள் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ஆங்கிலத்தில் நிறுத்தக்குறிகள் இருக்கும் வலது ஓரத்து விசைகளில்தான் ந, ய, ழ, ச, ஞ எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. பலகையின் அளவை முழுப் பலகையோடு ஒப்பிட்டு விழுக்காட்டில் சொல்வார்கள். ‘40 விழுக்காடு’ என்று விற்கும் குட்டிப் பலகைகள் பலவற்றில் சதுர அடைப்புக்குறிக்கான இரண்டு விசைகள் இருக்காது. ஆங்கிலத்தில் அது பெரிய நட்டமில்லை. தமிழில் ச, ஞ இரண்டும் போய்விடும். ச இல்லாமல் ஒரு மனுவில் ஒரு வரி அடிக்க முடியுமா? கியூஎம்கே போன்ற திறமூல மென்பொருள் ஓடும் பலகை என்றால் இன்னோர் அடுக்கில், அதாவது வேறொரு விசையையும் சேர்த்து அமுக்கினால் வரும்படி, வைத்துக்கொள்ளலாம்தான். ஆனாலும் இவ்வளவு அடிக்கடி வரும் எழுத்தை அடுக்கு மாற்றி அடிப்பது வேகத்தைக் கெடுக்கும். 60 விழுக்காட்டுக்குக் கீழே போகவேண்டாம். அம்புக்குறிகளும் வேண்டும் என்றால் 65 அல்லது 75.

ஆட்டக்காரர்களுக்கு முக்கியமான இன்னொரு சொல் ‘கோஸ்டிங்’. இதைப் ‘பேய்விசை’ என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் ‘பொய்யழுத்தம்’ சரியாகப் படுகிறது. விசைகள் எல்லாம் உள்ளே நிரலும் நிரையுமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒன்றாக அமுக்கினால், மின்சாரம் சுற்றிவந்து நாலாவது மூலையும் அமுங்கியதுபோல் காட்டிவிடும். ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு வைத்தால் மின்சாரம் திரும்பி வராது. எத்தனை விசையை ஒன்றாக அமுக்கினாலும் எல்லாம் சரியாகப் பதிவாகும் பலகைக்கு ‘முழுவிசையேற்பு’ உள்ளது என்று சொல்லலாம். ஓடிக்கொண்டே குனிந்து திரும்பிச் சுடும்போது நாலைந்து விரல் கீழே இருக்கும். அங்கே இது இல்லாவிட்டால் ஆட்டம் போச்சு.

விசைமூடியில் ஏபிஎஸ், பிபிடி என்ற இரண்டு பிளாஸ்டிக்தான் பெரும்பாலும். ஏபிஎஸ் சீக்கிரம் வழவழத்துப் பளபளக்கும், நம் ஊர் வியர்வைக்கு இன்னும் சீக்கிரம். பிபிடி தாங்கும். இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை வார்த்து எழுத்தை உருவாக்குவதற்கு ‘இருவார்ப்பு’ என்று வைத்திருக்கிறேன். அந்த எழுத்து அழியவே அழியாது. நீளமான விசைகள் கோணாமல் இறங்க அடியில் இருக்கும் கம்பிக்குச் ‘சமன்கம்பி’. இடைவெளி விசை லொடலொடவென்று ஆடினால் குற்றம் பெரும்பாலும் அந்தக் கம்பியில்தான்.

கருத்துகளை எழுதுங்கள்.

---

> அன்பின் நண்பருக்கு,
>
> யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். வில் என்பதில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை, பாடசாலையில் ஸ்பிரிங் தராசை விற்றராசு என்றுதான் படித்தோம். ஆனால் ஸ்விட்ச்சுக்கு நாங்கள் ஆளி என்ற சொல்லைப் பாவிக்கிறோம். அதை ஏன் விட்டீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மற்றது, வில்விசை என்று வேகமாகச் சொன்னால் வில்லிசை மாதிரிக் கேட்கிறது. நீங்கள் விசை என்பதை அழுத்தும் பலத்துக்கும் பாவித்தால் இன்னும் குழப்பம்.

---

அன்பின் நண்பருக்கு வணக்கம்.

ஆளி நல்ல சொல், சின்னச் சொல். சுவரில் இருக்கும் மின்விளக்கு ஸ்விட்ச்சுக்கு இங்கேயும் அது புழக்கத்துக்கு வந்தால் மகிழ்வேன். ஆனால் இங்கே கடையில் ஆளி என்று கேட்டால் ஆளி விதையைத்தான் எடுத்துத் தருவார்கள். விசையோடு சேர்த்து ‘விசையாளி’ என்றால் தொழிலாளி, முதலாளி மாதிரி ஓர் ஆள் வந்து நிற்கிறார். இலங்கைப் பதிப்பு ஒன்று வந்தால் வில்விசைக்குப் பதிலாக ‘வில்லாளி’ என்று போடலாமே என்று நினைத்துப் பார்த்தேன். அது வில்லேந்திய வீரனாகிவிடுகிறது. இந்த இடத்துக்கு ஆளி ஒட்டவில்லை.

வில்லிசை பற்றி நீங்கள் சொல்வது சரிதான், காதில் நெருக்கமாகத்தான் விழுகிறது. ஆனாலும் கச்சேரி மேடையும் கீபோர்டுக் கடையும் ஒரே பேச்சில் வருவது அரிது. எழுத்தில் குழப்பம் இல்லை. அதனால் இதை விடமாட்டேன்.

மூன்றாவது கருத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ‘இந்த விசைக்கு எவ்வளவு விசை’ என்று ஒரே வரியில் எழுதினால் இரண்டும் மோதும். கடையில் எல்லாரும் ‘எத்தனை கிராம்’ என்றுதான் கேட்கிறார்கள். அதனால் ‘அமுக்கெடை’ என்று போட்டுவிடுகிறேன்: சிவப்பு வழுக்குவிசை, அமுக்கெடை 45 கிராம். அட்டவணையில் இப்படித்தான் வரும்.

செருகுகுழியில் மட்டும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ‘குழி’ கொஞ்சம் பெரிதாக ஒலிக்கிறது. அது ஒரு நெல்மணி அளவு உலோகக் கவ்விதான். நம் பக்கம் உப்புக் காற்று வேறு, அந்தக் கவ்வியில் பச்சை பூத்தால் விசை விட்டு விட்டு வேலை செய்யும் என்று எச்சரிக்கையும் எழுதவேண்டியிருக்கிறது. ‘செருகுகவ்வி’ பொருத்தமா, வேறு ஏதாவது தோன்றுகிறதா? வெள்ளிக்கிழமை கையேடு ஜெராக்ஸுக்குப் போகிறது, அதற்குள் எழுதுங்கள்.